பொங்காலைக் கரி போட்ட வயல்

கரமனைத் தெருவில் குற்றாலலிங்கம் பிள்ளையைப் போல அரைக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் வேறு கிடையாது. கணக்கு ஆபீசில் இருந்த காலமெல்லாம் மேலதிகாரி சொன்னதில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் செய்தே கெட்டிக்காரப் பெயர் வாங்கி ஓய்வு பெற்றவர். மண்ணிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

வயல் அவருடையதல்ல. மனைவி பகவதியம்மாளுக்கு அவள் அப்பா எழுதிவைத்தது, புஞ்சக்கரியில் இருக்கிறது. விளைச்சல் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்ததால், வாழை போடக் குத்தகைக்குக் கேட்டு அந்த ஊர் ஹரிகுமார் நடையாய் நடந்தான். அப்பா நெல் விளைவித்த இடத்தில் வாழையைப் பார்க்க அவளுக்கு மனசில்லை.

“இந்தக் கன்னிப்பூ சாகுபடி ஒண்ணை நீங்க பாருங்கோ. நெல்லு தேறல்லேன்னா ஹரிகுமாருக்குக் குடுத்திருவேன், கேட்டேளா” என்றாள்.

வழி சொன்னவள் வேளாண் ஆபீசான கிருஷிபவனில் வேலை பார்க்கும் ஜினி, பாறசாலைப் பக்கத்துப் பெண். கரியை மண்ணில் சேர்த்தால் அது மக்காமல் பல காலம் தங்கும், ஈரத்தையும் உரத்தையும் பிடித்துவைக்கும் என்றாள்.

“பட்சே சாரே, வெறும் கரியைப் போடப்படாது. பட்டினி கிடந்த ஆளாக்கும் அது. மண்ணுல உள்ள சத்தை முதல்ல அதுவே இழுத்துக்கிடும். சாணிக் கரைசல்லயோ மத்திக் கரைசல்லயோ நல்லா ஊறப் போட்டுட்டு இடணும்.”

மத்தி மீனும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த கேன் ஒன்றையும் கையில் கொடுத்தாள்.

கரிக்குப் பஞ்சமில்லை. பெண்கள் அம்மைக்குப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலை முடிந்த அன்று தெருவெங்கும் செங்கல் அடுப்புகளில் தென்னங்கொதும்பும் சிரட்டையும் எரிந்த கரி, தண்ணீர் தெளித்து அணைத்துக் கிடந்தது. பிள்ளை சாக்குச் சாக்காக அள்ளினார். அப்புறம்தான் சங்கடம் வந்தது. அம்மைக்குப் பொங்கலிட்ட கரியை, சைவ வீட்டு மனுஷர், மீன் தண்ணீரில் முக்குவதா? சாணிக்கும் வழியில்லை, கரமனையில் பாலே பாக்கெட்டில்தான் வருகிறது. ஆகவே கரியைப் பயபக்தியோடு அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, பொடித்து, நடவுக்கு முன் வயலில் தூவினார். கேன் வயல் மோட்டார் ஷெட்டின் மூலைக்குப் போயிற்று. ஒரு பிடி யூரியா போடமாட்டேன் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் வேறு.

நெல் மஞ்சளித்தது. சுற்றிலும் பச்சைப் பசேலென்று கிடக்க, அவர் வயல் மட்டும் காமாலை கண்டு நின்றது. வாழைக்கன்றுக்குச் சொல்லிவைக்கட்டுமா என்று ஹரிகுமார் போனில் கேட்டான். பிள்ளை ஜினியிடம் ஓடினார்.

“கரியை ஊறப் போட்டீங்களா சாரே?”

“அலசிப் போட்டேன்.”

“அந்தக் கேனை எடுத்து, தண்ணி கலந்து, இலையில அடிங்க. வேற வழியில்லை.”

பாவம் மனிதர். மூடியைத் திறந்ததும் “சிவ சிவா” என்றார். அதன்பின் வாயே திறக்கவில்லை, திறந்தால் நாற்றம் உள்ளே போய்விடுமோ என்று பயம். கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மறுபடி மறுபடி போய் அடித்தார். ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைந்தார்.

நெல் தேறியது. முடிவு சொல்ல ஹரிகுமாரைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போன பகவதியம்மாள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். கண் கலங்கிப்போயிற்று.

“எங்கப்பா இருக்கச்சே இப்படித்தான் நிக்கும். வாழைக்கு நீ வேற எடம் பாரு மோனே.”

எல்லாம் பொங்காலைக் கரியின் மகிமை என்று தெருவே பேசியது. பிள்ளை ஆசைப்பட்ட பெயர் மொத்தமும் அம்மைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுத்துப் பேசலாம் என்றால் மத்தி வெளியே வந்துவிடும்.

ராத்திரி தோசை போடும்போது பகவதியம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்: “அடுத்த பூவுக்குக் கரியை முதல்லயே மத்தியில ஊறப் போட்டிருங்கோ.”

பிள்ளைக்குப் புரையேறியது. “உனக்கு யாரு சொன்னா?”

“கோயிலுக்குப் போயிட்டு வாற ஆளு பின்னால தெருப் பூனை பூராவும் வருமா? எங்கப்பா வயலு பிழைச்சாப் போரும்னு நாந்தான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்.”

அவள் அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

“ஊறப் போடுத வாளி மட்டும் நம்ம வீட்டு வாளி வேண்டாம்.”