மோப்பம் அண்ணனும் இழுக்காத வேனும்

மெக்கானிக் வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தி, சைலன்சர் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி மூக்கை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். இவர் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் உயர்த்துகிறார். கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று அர்த்தம். புகை முகத்தில் அடித்து நரைத்த மீசையில் தங்குகிறது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "டீசல் வெந்து வரல, பச்சையா வருது" என்கிறார். அதற்கப்புறம்தான் பானெட்டைத் திறப்பதெல்லாம்.

தெருவில் அவருக்கு ‘மோப்பம்’ என்று பேர். முகத்துக்கு நேராகவே "மோப்பம் அண்ணே" என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. ஆயில் கம்பியை உருவினால் முதலில் மூக்குக்குத்தான் போகும், கண்ணுக்கு அப்புறம்தான். தேய்ந்த கிளட்ச் தட்டு, சூடான சக்கரம், பேட்டரி மூடி என்று எதையும் முகராமல் விடமாட்டார். எதிர்ச் சாரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி சொல்வார்: "நான் வெச்ச சாப்பாட்டையும் மோந்து பாத்துட்டுதான் வாயில வெப்பாரு. முதல் வருஷம் உக்காந்து அழுதேன். இப்பல்லாம் ஃப்ரிட்ஜ்ல இருக்கறது கெட்டுப்போச்சா இல்லையான்னு அவர்கிட்டயே குடுத்துக் கேட்டுக்கறேன்."

பட்டறை என்பது ஒரு தகரக் கூரையும் மூன்று பக்கச் சுவரும்தான். சுவரில் கை எட்டும் உயரம் வரைக்கும் கறுப்புக் கைரேகைகள். ஸ்பேனர்கள் பிஸ்கட் டின்னில் கிடக்கும். வருகிறவர்கள் உட்கார ஒரு பழைய வேனின் பின் சீட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வேறு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வருகிறவர்கள் அந்தக் கதையை ஆரம்பித்தால், "அவரு சொன்னத அவரு வாசல்லயே விட்டுட்டு வாங்க. நான் முதல்லேருந்து பாக்கறேன்" என்று நிறுத்திவிடுவார். அடுத்தவர் சொன்னது காதில் விழுந்தால் மூக்கு அதற்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிடுமாம்.

மூக்கு எவ்வளவு நுணுக்கமோ வாய் அவ்வளவு முரடு. "வண்டிய கெடுக்கறது ரோடு இல்லைங்க. ஸ்டியரிங்குக்குப் பின்னால உக்காந்திருக்கே, அதுதான்" என்பது அவருடைய வேத வாக்கு. ஒருமுறை புது மாப்பிள்ளை ஒருவர், மாமனார் வாங்கிக் கொடுத்த கார் இழுக்கவில்லை என்று மாமனாரையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். இவர் சுற்றிவந்து பின் சக்கரத்தை முகர்ந்தார். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. ஹேண்ட்பிரேக்க இறக்கிட்டு ஓட்டுங்க, பறக்கும்" என்று தெருவுக்கே கேட்கிறபடி சொன்னார். அந்த மாப்பிள்ளை அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

"உண்மையச் சொல்லுங்க, வேணாங்கல. கொஞ்சம் சத்தத்த குறைச்சுச் சொன்னா குடியா முழுகிடும்?" என்று மனைவி கேட்பார்.

"எதனால கெட்டுச்சுன்னு சொல்லலைன்னா அதே கோளாறு திரும்பி வரும். வந்தா நமக்கு வேலைதான். ஆனா அது திருட்டு வேலை" என்பார் இவர். அதற்கு மேல் அந்த அம்மாள் பேசுவதில்லை. நியாயம் இருக்கிற இடத்தில் சண்டை போட முடியாது என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரிந்த கஷ்டம்.

இப்படிப்பட்டவரிடம், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், அந்த வெள்ளை வேன் வந்தது. வெள்ளை என்று சொல்வது மரியாதைக்கு. வயதாகிச் சந்தன நிறத்துக்கு வந்துவிட்ட வண்டி. சலவைக் கடை நடத்தும் அக்காவும் தங்கையும் அதில் வந்து இறங்கினார்கள். மேட்டுமேல் இருக்கிற ஆஸ்பத்திரியின் போர்வை, விரிப்பு, டாக்டர்களின் அங்கி எல்லாம் இவர்களிடம்தான் வெளுப்புக்கு வரும். அக்கா வண்டி ஓட்டுவாள், தங்கை கணக்கு வழக்கும் வாடிக்கையும் பார்ப்பாள்.

தங்கைதான் முதலில் பேசினாள். "மேடு ஏற மாட்டேங்குது அண்ணே. ரெண்டு பேர் பாத்தாச்சு. டீசல் ஃபில்டர் மாத்தினாங்க, இன்ஜெக்டர கழட்டிக் கழுவினாங்க. கடைசியில இன்ஜினே முடிஞ்சுபோச்சுன்னு…"

"அவங்க சொன்னத அவங்க வாசல்லயே விடும்மா."

"சரி விட்டுட்டேன். நான் சொல்றத கேளுங்க. இவ ஓட்டற லட்சணம்தான் காரணம். இன்னிக்கு உங்க வாயால தெரிஞ்சாகணும். வண்டிக்கே வயசாயிடுச்சுன்னா போகட்டும், செலவு பண்ணி சரிபண்ணுவோம். இவ கைப்பட கெட்டதுன்னா சாவிய என்கிட்ட குடுத்துடணும். வாடகை வண்டி வெச்சுக்குவோம். இவ உள்ள இருந்து வேலையப் பாக்கட்டும். பேசியாச்சு."

"பேசியாச்சு" என்று அக்காவும் சொன்னாள். ஆனால் சாவியை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் பேசியது ஒருத்தி மட்டும்தான் என்று தெரிந்தது.

தங்கை எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஃபேனுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மெக்கானிக் வழக்கம்போலப் பின்னால் குந்தினார். அக்காவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். புகை கறுப்பாக வந்தது. முகர்ந்தார். பிறகு பக்கத்து சீட்டில் ஏறி, மேட்டுக்கு விடச் சொன்னார்.

அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். கிளட்சில் காலை வைத்துக்கொண்டு போகிற பழக்கம் இல்லை, கியரைப் பிடுங்கவில்லை. சமதரையில் பிள்ளைப்பூச்சி மாதிரிப் போன வண்டி, மேடு ஆரம்பித்ததும் முனகியது. பின்னால் கரும்புகை தெருவை அடைத்தது. ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எப்பல்லாம் ரொம்ப மோசம்?" என்றார்.

"திங்கக்கிழமை. திங்கக்கிழமைன்னா நடந்து போறவங்க எனக்கு முன்னால போயிடறாங்க."

"அன்னிக்கு லோடு அதிகமா?"

"எல்லா நாளும் ஒரே லோடுதான் அண்ணே."

அவர் தலையைச் சொறிந்தார். "இன்ஜினுக்கு எப்படிம்மா கிழமை தெரியும்?"

பாதி மேட்டில் திருப்பிக்கொண்டு வந்தார்கள். இறங்கி வரும்போது அவளே பேசினாள். காலையிலிருந்து வெந்நீர் ஆவியிலும் சோப்புத் தண்ணீரிலும் கிடப்பதாகவும், துணியை ஏற்றிக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டு மேட்டில் ஏறுகிற நேரம்தான் அன்றைக்குத் தனக்கென்று இருக்கிற நேரம் என்றும் சொன்னாள். "காத்து மூஞ்சில அடிக்கும் பாருங்க, அதுக்காகவே மீதி நாள ஓட்டிடுவேன்." இவர் காதை இன்ஜின் பக்கமே வைத்திருந்தார். வேலை நேரத்தில் ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

பட்டறையில் பானெட்டைத் தூக்கினார். கறுப்புப் புகை என்றால் டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை. அதனால் நேராக ஏர் ஃபில்டர் டப்பாவைத்தான் திறந்தார். தூசி அப்பிக் கிடக்கும் என்று எதிர்பார்த்த கை அப்படியே நின்றது. உள்ளே இருந்த காகித ஃபில்டர், கடையில் பிரித்த புதுச் சட்டைபோல மடிப்புக் குலையாமல் பளிச்சென்று இருந்தது. இதைப் பார்த்துத்தான் முன்னால் பார்த்த ரெண்டு மெக்கானிக்குகளும் டப்பாவை மூடியிருக்கிறார்கள். இவரும் மூடத்தான் போனார். பழக்க தோஷம், மூக்கு குனிந்துவிட்டது.

சோப்பு வாசனை அடித்தது. நகத்தால் தட்டினார். அட்டைபோல் டொக் டொக் என்றது.

"இத யாரு தொட்டது?"

"நாந்தான்" என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. "ஒரு தடவை திறந்து பாத்தேன், அவ்ளோ அழுக்கு. பாத்துட்டு சும்மா விட முடியுமா? அதுலேருந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஊறவெச்சு அலசிடுவேன். வெயில் இல்லாததால முழுசாக் காயறதில்ல, அதான் குறை. மடிப்பெல்லாம் தொங்கிப்போச்சுன்னு கொஞ்சூண்டு கஞ்சி போட்டேன்."

"என்ன போட்ட?"

"கஞ்சி. சட்டைக் காலருக்குப் போடறதுதான்."

மெக்கானிக் வாயைத் திறந்தார். நாற்பது வருஷ வாய். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படியாக என்னென்ன சொல்லலாமோ அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றது. எதிர்க் கடையில் தங்கை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, ஃபில்டரை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"ஊதிப் பாரு."

அவள் ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது, காது சிவந்தது. மறுபக்கம் கையை வைத்திருந்த அவருக்கு ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. மறுபடியும் ஊதினாள். மூன்றாவது தடவை ஊதாமலே நிறுத்திவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பேப்பரும்மா இது. துணி இல்ல" என்றார், அவருக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில். "தண்ணி பட்டா ஊறி அடைச்சுக்கும். கஞ்சி போட்டா கேக்கவே வேணாம். ஈரத்தோட மாட்டினதுதான் திங்கக்கிழமை. அழுக்கானா தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டணும். இனிமே இதுக்குத் தண்ணி காட்டக் கூடாது, தெரியுதா?"

அதே மாதிரி வேன் ஒன்று பிரித்துப் போட்டுக் கிடந்தது. அதிலிருந்த நல்ல ஃபில்டரைத் தட்டி மாட்டினார். மறுபடி மேட்டுக்குப் போனார்கள். வண்டி இந்தத் தடவை முனகவில்லை. கியரை இறக்கக் கையைக் கொண்டுபோன அக்கா, தேவையில்லை என்று தெரிந்து கையை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் ஒரே மூச்சில் ஏறியது. கேட்டில் நிறுத்தியதும் சிரித்தாள், சிரித்த சூட்டிலேயே அழுதாள். இவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவமாக இருந்தது அவருக்கு, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பட்டறைக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியதும் அவள் சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க அண்ணே. என் வாயால வராது. பேசினது பேசினதுதான், சாவிய குடுத்துடறேன். நல்ல வண்டிய நானே கழுத்த நெரிச்சிருக்கேன்."

வண்டி வந்ததைப் பார்த்துத் தங்கை கடையிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்தாள். "கண்டுபிடிச்சாச்சா? நான் சொன்னேன்ல, இவதானே?" என்று பாதித் தெருவிலிருந்தே கேட்டாள்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி நிறுத்தி அதன் மறைவுக்குப் போனார். ஸ்டூலின் மேல் அந்தக் கஞ்சி போட்ட ஃபில்டர் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. எடுத்துத் தரையில் வைத்து, ஆயிலும் மண்ணும் கலந்து கிடந்த இடத்தில் அழுத்தி இழுத்தார். புரட்டிப் போட்டு மறுபக்கமும் இழுத்தார். வருஷக்கணக்கில் மாற்றாமலே விட்ட பழைய ஃபில்டர்போல் ஆகிக்கொண்டிருந்தது. அழுக்கில் எதையாவது யாராவது போட்டால் பதறுகிற அக்கா பின்னாலேயே வந்திருந்தாள்; அவள் கை தானாக நீண்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. அவர் பக்கத்தில் கழற்றிக் கிடந்த பழைய சைலன்சரின் கரியை உள்ளங்கை நிறைய வழித்தெடுத்து, மடிப்பு மடிப்பாக விரலை விட்டு, ஒரு வெள்ளை விடாமல் பூசிக்கொண்டிருந்தார்.