மாமாவின் கிணற்றுத் தண்ணீர்

அப்பாவின் காரைத் துருப்பிடிக்க வைத்தது நீங்கள்தான், மாமா. இன்று கராஜில் என் கார்க் கதவின் துருவைச் சுரண்டியபோது எழுந்த ஈர மணம், துறைமுக வீதியில் இருந்த உங்கள் வளவுக்கு, இப்போது மண் போட்டு மூடிவிட்ட அந்தக் கிணற்றடிக்கு, என்னை இழுத்துப் போனது. “கடல்காத்து உப்புப் போகோணும், நல்லாக் கழுவு பிள்ளை” என்பீர்கள்; நானும் பின்னேரங்களில் அங்கே நின்ற அப்பாவின் காரில் வாளி வாளியாக ஊற்றுவேன். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைத்ததே இல்லை. குடிப்பதற்கு மட்டும் நீங்கள் தெருக்குழாயில் பிடித்தீர்கள். காரின் கதவடி துருவேறி உதிர்ந்தபோது, “ஒழுங்காக் கழுவேல்லை” என்று அப்பா என்னைத்தான் ஏசினார். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். உப்புக் கிணறு என்று தெரிந்தா சொன்னீர்கள், தெரியாமலா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது, அப்பாவின் முன்னால் பதில் சொல்லுங்கள்.