இன்னும் சொல்லாத

நம்பினால் நம்புங்கள். ஒசாகாவில், பட்டப்பகலில், நானூறு பேர் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நடந்தது இது.

நானும் டோக்கிமாருவும் இருபத்தாறு வருடம் ஜோடியாக மேடையில் நின்று சிரிக்கவைத்தவர்கள். அவன் உளறுவான். நான் அவன் மொட்டைத் தலையில் அறைந்து திருத்துவேன். அவனுக்குத் தங்க ஜரிகைக் கோட்டு, ஊதா மை தீட்டிய புருவம், விரலுக்கு ஒரு மோதிரம். ஒருமுறை தியேட்டருக்குப் பல்லக்கில் வந்து இறங்கினான், தூக்கியவர்களையும் மேடையேற்றிவிட்டான். எங்கள் ஆட்டத்துக்கு ஒரு முடிவு உண்டு. நான் "போதும்டா!" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் இருவரும் குனிந்து வணங்கி இறங்க முடியும். இங்கே எல்லா ஜோடிக்கும் அதுதான் வழக்கம்.

அன்று மதியக் காட்சி. இதய சிகிச்சைக்குப் பிறகு அவன் திரும்பி வரும் நாள். வராவிட்டால் ஜோடியைக் கலைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. எங்கள் இசை தொடங்கியும் ஆளைக் காணோம்.

"ஷிகே அண்ணே, தனியா போறீங்களா?" என்றான் மேடைப் பொறுப்பாளன் நோனோமுரா.

"தனியா போய் யாரை அடிக்கிறது? உன்னையா?"

அப்போது எதிர்ப்பக்கத் திரையோரம் தங்கக் கோட்டு மின்னியது. டோக்கிமாரு!

எந்த நேரமானாலும் "காலை வணக்கம்!" என்று கத்திக்கொண்டு வருவதுதான் எங்கள் தொழிலில் பழக்கம். அன்றோ, இருவரும் மேடை நடுவே மைக்கை நெருங்கியபோது, அவன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்.

"நல்லா உழைச்சே... கிளம்புறேன்."

அது வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது சொல்வது. உளற ஆரம்பித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"ஆஸ்பத்திரிச் சோறு எப்படிடா?"

"தட்டு ருசியா இருந்துச்சு."

அறைந்தேன். பளார்! அரங்கம் குலுங்கியது.

என் உள்ளங்கை மட்டும் சில்லிட்டது. ஈரம்...

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"என் புருவத்தைப் பார்த்து அவருதான் மயங்கி விழுந்தாரு."

பளார்! பனிக்கட்டியைத் தொட்டது போல இருந்தது.

மைக்கில் என் மூச்சு கேட்டது. அவன் மூச்சு... கேட்கவில்லை.

நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தேன்.

"ஷிகே..." உதடு அசையாமல் சொன்னான். "இன்னும் சொல்லாத."

ஒத்திகையில் இல்லாத வசனம். ஜனம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

விளக்கு மினுக்கியது. அடுத்த ஜோடி காத்திருந்தது. இருபத்தாறு வருடப் பழக்கம்...

"போதும்டா!"

குனிந்தேன்.

நிமிர்ந்தேன்.

பக்கத்தில் யாருமில்லை.

ஒப்பனை அறைக்கு ஓடினேன். தங்கக் கோட்டு உறை பிரிக்காமல் கொக்கியில் தொங்கியது.

"அண்ணன் எங்கே? கலக்கிட்டாரு!" என்று பின்னாலேயே வந்தான் நோனோமுரா.

போன் அடித்தது. டோக்கிமாருவின் மனைவி மிசாவோ. தியேட்டருக்கு வரும் வழியில், ரயில் நிலையத்திலேயே விழுந்துவிட்டானாம்.

"இதயம் நின்னு நின்னு மறுபடி துடிச்சுதாம் அண்ணா... மூணு இருபத்திரண்டுக்குத்தான் ஒரேயடியா..."

மேடைக் கடிகாரத்தில் எங்கள் ஆட்டம் முடிந்த நேரம் அது.

சாயங்காலம் அவனைப் பார்க்கப் போனேன். தலைமேல் போட்டிருந்த ஈரத்துணியை மிசாவோ விலக்கினாள்.

"முகம் குப்புறத்தான் விழுந்தாரு. இது எப்படி வந்துச்சு?"

மொட்டைத் தலையில், சிவப்பாக, ஐந்து விரல்கள்.

என் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கவில்லை.