சைக்கிள் பிரேக் கம்பியால் டிஃபரென்ஷல் கழற்றிய ரிஸ்வான்

மருதானை ரிஸ்வான் மௌத்தாகிவிட்டார். நேற்றுக் காலை, கராஜில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். நாற்பத்து மூன்று வயது.

இங்கே வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைவிடப் பதினொரு வயது இளையவர். நான் லொறி ஓட்டுகிறவன், யாரையும் 'டேய்' என்று கூப்பிடுகிற வாய். அவரை மட்டும் ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை.

இறக்குமதி எல்லாம் நின்றுபோன காலம். என் பழைய லொறியின் டிஃபரென்ஷல் உடைந்துவிட்டது. பின் அச்சின் நடுவே பெரிய உருண்டை ஒன்று தெரியுமே, அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள். அது இல்லாமல் சில்லு சுற்றாது.

கொழும்பு முழுக்கத் தேடியும் பார்ட்ஸ் இல்லை. இரண்டு மாதம் லொறி கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு முன்னால் நின்றது. மனைவி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள்.

கடைசியில் தெமட்டகொடையில் ஒரு பழைய இரும்பு யார்டில் அதே மொடல் லொறியின் அச்சு கிடந்தது. உள்ளே டிஃபரென்ஷல் நல்ல நிலையில்.

யார்ட் முதலாளி சிங்களவர். "ஹெட்ட ஹவஸ வெனகம் விதரய்" என்றார். நாளைப் பின்னேரம் வரைதான் டைம். அதற்குப் பிறகு அங்கிருக்கும் இரும்பு எல்லாம் உருக்கப் போய்விடும்.

நட் எல்லாவற்றையும் கழற்றினேன். இரண்டு பக்கச் சில்லுக்கும் போகிற ஷாஃப்டுகளையும் இழுத்தெடுத்தேன். டிஃபரென்ஷல் அசையவில்லை. அலவாங்குக் கம்பியை விட்டு நெம்பினேன். பெரிய சுத்தியலால் அடித்தேன், அடித்தேன்... கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை, யாரோ சொல்லி, ரிஸ்வான் சைக்கிளில் வந்தார். மெலிந்த ஆள். நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அந்தச் சுத்தியலக் கொஞ்சம் தாங்க."

கொடுத்தேன். அதைக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கழட்டின ஷாஃப்ட் ரெண்டும் எங்க?"

"அந்தா கிடக்குது. அதில என்ன பார்க்க இருக்கு?"

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் நுனியைத் துடைத்தார். ஒன்றின் நுனியில் பல் பல்லாக வெட்டு இருந்தது. மற்றதில் இல்லை, நீளமும் குறைவு. துருவும் சேறும் மூடியிருந்ததால் நான் கவனிக்கவேயில்லை.

"இது முன்னமே உடைஞ்சது அண்ணே. நுனி உள்ளுக்கே நிக்கிது. அதுதான் ஆணி மாதிரி புடிச்சிக்கிட்டு ஈக்கி. இன்னும் நாலு அடி அடிச்சிருந்தா டிஃபரென்ஷல் கூடே வெடிச்சிருக்கும்."

சுத்தியலை வைத்த சுவரோரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

உடைந்த துண்டு அச்சுக் குழாய்க்குள், கை எட்டாத தூரத்தில். போன் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு எண்ணெய், இருட்டு.

ரிஸ்வான் தன் சைக்கிளிடம் போனார். பின் பிரேக் கம்பியைக் கழற்றினார். அதன் நுனியில் சுருக்குப் போட்டு, ஒரு மெல்லிய இரும்புப் பைப்புக்குள் கோத்து, அச்சுக்குள் விட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே சிக்கிய பல் தளர, டிஃபரென்ஷலின் முன்பக்கத்துத் தட்டை நான் மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

சுருக்கு நழுவும். வெளியே எடுப்பார். துடைப்பார். வளைவை நேராக்கித் திரும்ப உள்ளே விடுவார். எத்தனை தரம் என்று தெரியாது. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து திரும்பவும். நானாக இருந்தால் அந்தப் பைப்பைப் பக்கத்து ரயில் ரோட்டில் வீசியிருப்பேன். அவர் ஒரு 'சே' கூடச் சொல்லவில்லை.

"உள்ளுக்கு ஒண்டும் தெரியாம எப்பிடித் தம்பி?" என்று கேட்டேன்.

"பாக்க ஏலாதானே அண்ணே... அதால யோசிக்க வேண்டி ஈக்கி."

பிறகு திடீரென்று, "திருப்ப வேணாம். அப்பிடியே புடிங்க."

இழுத்தார். அரை முழம் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு, பல்லெல்லாம் கயிறுபோல முறுகி, எண்ணெய் வடிய வடிய வெளியே வந்தது.

அதன் பிறகு அலவாங்கு நுனியால் ஒரே ஒரு நெம்பு. இரண்டு நாளாக அசையாத டிஃபரென்ஷல் தானாக எங்கள் மடிக்கு வந்ததுபோல வந்தது.

முதலாளி வந்து அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் மூன்று பிளேன்டீ கொண்டுவந்தார்.

ரிஸ்வான் பின் பிரேக் இல்லாமலே சைக்கிளில் ஏறினார். "முன்னுக்கு ஒண்டு ஈக்கிதானே" என்று சொல்லிக்கொண்டே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தீபாவளிக்கு வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். காலி வீதியில் ஆட்கள் கடக்கிற மஞ்சள் கோட்டில் ஐந்து நிமிஷம் நின்றார். கடக்கப் பயம். லைசென்ஸும் எடுத்ததில்லையாம்.

"ஓடுற வாகனம் எனக்கு விளங்காது அண்ணே. நிக்கிறதுதான் விளங்கும்."

என் சேர்ட் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தார்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவருடைய மச்சான் என்னைக் கண்டு, "நீங்களும் மூணு புடி மண் போடலாம், வாங்க" என்றார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டேன்.

சலாம், தம்பி.