பம்பரில் கட்டிய கருப்புக் கயிறு

“அதை வெச்சுரு சாமி. இதை எடு. இதுல உங்கப்பன் வண்டி இருக்குது.”

அர்த்தநாரி படத்தின் மேல் விரலை வைத்தார். ரஞ்சனியின் கையில் வேறு ஏதோ நாட்டுச் சண்டையைப் பற்றிய மெல்லிய புத்தகம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு போர்ப் புத்தகம் படித்து எழுதித் தர வேண்டும். கதையாக இருக்கக் கூடாது, நடந்ததாக இருக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் வாட்ச்மேன் நாற்காலியை விட்டுவிட்டு அர்த்தநாரி மகளோடு பள்ளி நூலகத்துக்கே வந்துவிட்டார்.

தடித்த ஆங்கிலப் புத்தகம். கார்கில் சண்டையைப் பற்றி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுதியது. படத்தில் மலைப் பாதையில் எரிந்து நின்ற பட்டாள லாரி. தீ எட்டாத முன் பம்பர் கொக்கியில் கருப்புக் கயிறு. சங்ககிரியில் வண்டி பழகியவன் திருஷ்டிக் கயிறு கட்டாமல் கிளம்ப மாட்டான். பட்டாளத்தில் இரண்டு முறை அவிழ்க்கச் சொன்னார்கள். மூன்றாம் முறையும் அர்த்தநாரி கட்டினார்.

“கீழ என்ன போட்டிருக்குது?”

ரஞ்சனி படித்தாள். முடிக்க நேரமானது.

“லாரின்னு போட்டிருக்குதுங்கப்பா.”

“அதுக்கு இத்தனை எழுத்தா?”

“இது பெரிசா இருக்குதுங்கப்பா. நான் அதையே எடுத்துக்கறேன்.”

“பெரிசா இருந்தா மெதுவாப் படி. இப்ப எங்கிட்டக் குடு, சாயங்காலம் தாரேன்.”

அர்த்தநாரிக்கு வண்டி எண்ணைத் தாண்டி ஆங்கிலம் ஏறவில்லை. பதினேழு வருடம் பட்டாளத்தில் லாரி ஓட்டினார். பிறகு முழங்கால் விட்டுப்போகும்வரை சங்ககிரி லாரிகள். இப்போது இந்தப் பள்ளியின் கேட். ரஞ்சனிக்குச் சோறு ஊட்டிய காலத்திலிருந்து ஒரே ஒரு சம்பவத்தைத்தான் சொல்லி வந்தார். குண்டு விழுந்து வண்டி தீப்பிடித்தது. கூட வந்த சுவாமிநாதனைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு கிலோமீட்டர் இறங்கினார். டாக்டர் கூடாரத்தில் இறக்கியபோது உயிர் இல்லை.

மதியத்துக்குள் கேண்டீன்காரம்மா, பெருக்குகிறவர்கள், எல்லோரும் படத்தைப் பார்த்தாயிற்று. கடைசியாகக் கேண்டீன் வாசலுக்கு வந்தவன் பள்ளி வேன் ஓட்டும் யோகேஷ்.

“கயிறு கட்டுன வண்டியே எரிஞ்சு போச்சே. அப்புறம் என்னத்துக்குங்கண்ணா கயிறு?”

“வண்டிதான எரிஞ்சுது. நான் நிக்கறனல்ல. இது எங்கயிறு, எங்க வேணாலும் சத்தியம் பண்ணுவேன். நீ படிச்சவனாச்சே, கீழ இருக்கறதப் படி.”

யோகேஷ் சிரித்தபடியே படிக்க ஆரம்பித்தான். பாதியில் சிரிப்பு நின்றது.

“சொல்றா.”

“டிரைவர் விட்டுட்டு ஓடிப்போன வண்டின்னு போட்டிருக்குதுங்க. அதனால ஆறு மணி நேரம் ரோடு அடைச்சுக்கிச்சாம்.” புத்தகத்தை மூடினான். “இது வேற வண்டியா இருக்குமுங்கண்ணா.”

கேண்டீன்காரம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

“கயிறு என்னுதுதான்,” என்றார் அர்த்தநாரி.

சாயங்காலம் மொபெட்டில் ரஞ்சனி பின்னால் உட்கார்ந்திருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது.

“காலையிலயே படிச்சுட்டயல்ல?”

“ம்.”

“நான் ஓடலை சாமி.”

கூட்ஸ் வண்டி வந்து, பெட்டி பெட்டியாகக் கடந்து போனது.

“அவரு அங்க இருந்தாருங்களாப்பா, இதை எழுதுனவரு?”

“நான் இருந்தேன்.”

“இல்லைங்கப்பா. அவரு இருந்தாரான்னு கேட்டேன்.”

கேட் திறந்தது. அவர் வண்டியை எடுத்தார்.

மறுநாள் ரஞ்சனி தடித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து மெல்லியதை வாங்கினாள். ஏன் தேர்ந்தெடுத்தாய் என்ற கட்டத்தில், பக்கங்கள் குறைவு என்று எழுதினாள். அர்த்தநாரி ஏழு மணிக்குப் பள்ளிக் கேட்டைத் திறந்தார். யோகேஷ் வேனை உள்ளே விட்டுவிட்டு நேராகக் கேண்டீனுக்குப் போனான். ஒன்பதே காலுக்குத் தாளாளரின் கார் வந்தது. அர்த்தநாரி சல்யூட் அடித்தார். மாலைவரை பதினான்கு வண்டிகள் வந்தன. எண்களை நோட்டில் எழுதினார்.