ஏரி மணல் கட்டுரை அச்சேறிய வரலாறு

கட்டடம் கட்டுகிறவனுக்கு மழைக்கு முன் கூரை போட்டாக வேண்டும் என்ற கவலை உண்டு. கட்டடவியலுக்கு ஆய்விதழ் நடத்துகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை, ஏனெனில் அவன் எந்த மழைக்கு முன்னாலும் எதையும் முடித்ததில்லை.

இதே நுகத்தில் கழுத்தைக் கொடுத்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவள்ளூருக்கு அருகே ஒரு தொழில்நுட்பப் பயிலகத்தில் கட்டுமானப் பொருள்கள் பற்றிப் பாடம் நடத்தி வந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் துறை ஆண்டுக்கு மூன்று முறை தமிழில் ஓர் ஆய்விதழ் வெளியிட்டது. அதன் ஆசிரியர் பொறுப்பு என்மேல் விழுந்தது. விழுந்தது என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். காலையில் மணவாள நகர் வீட்டில் பாசுரங்களைச் சேவித்து முடிப்பேன். நூற்றாண்டுகளாக வாய்வழியே வந்தும் ஓரெழுத்துப் பிசகாத பாடல்கள் அவை. அதன்பின் பயிலகத்துக்குப் போய், நாற்பது பக்கத்துக்கு இரண்டு பக்கம் பிழைதிருத்தம் சேர்த்த எங்கள் இதழின் முன் உட்காருவேன். அடியேனின் அன்றாடம் அவ்வளவுதான்.

முகூர்த்த மாதங்கள்

இதழை அச்சிட்டது திருவள்ளூர்க் கடைத்தெருவில் இருந்த ஒரு சிறிய அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் உற்சவ நோட்டீசும் அதன் பிழைப்பு. அங்கே எல்லாம் நாயுடு என்னும் முதியவர். எழுத்துக் கோப்பதும் அவரே, இயந்திரம் மிதிப்பதும் அவரே. அவரிடம் எட்டுப் பக்கத்துக்குத்தான் ஈய எழுத்துகள் இருந்தன. எட்டுப் பக்கம் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அறை அறையாகப் போட்ட பிறகே அடுத்த எட்டுப் பக்கத்தைக் கோக்க முடியும். அட்டவணை மிகுந்த கட்டுரை என்றால் எண்கள் போதாமல் திண்டாடுவார்.

ஒரு தை மாதம் மெய்ப்புப் பார்க்கப் போனேன். எங்கள் அட்டவணையில் எண்கள் இருந்த இடமெல்லாம் பொக்கைவாயாக இருந்தது. சுண்ணாம்புக்கும் மணலுக்கும் விகிதம் காட்ட வைத்திருந்த எண்கள் யார் யாருடைய முகூர்த்த நேரத்திலோ போய் உட்கார்ந்திருந்தன. இதழ் ஏற்கெனவே இரண்டு மாதம் தாமதம் என்று நான் தணிந்த குரலில் எடுத்துரைத்தேன். நாயுடு கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கண்ணாலம் நாள் பாத்து வெச்சது சாமி. உங்க சுண்ணாம்பு எங்க ஓடிடப் போவுது?"

இருபத்தெட்டாம் நாள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெளியூர்களிலிருந்து கான்கிரீட் கட்டிகள் சோதனைக்கு வரும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்கூடங்கள் எழும்பத் தொடங்கிய நேரம். வார்த்த இருபத்தெட்டாம் நாள் கட்டியை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்துக்கு உடைகிறது என்று பார்த்துச் சான்று தருவோம். அந்த வேலையைச் செய்தவர் முனிரத்தினம், எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். பட்டம் கிடையாது, ஆனால் மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தே அது எந்த ஆற்று மணல் என்று சொல்லிவிடுவார்.

புதுவாயலிலிருந்து வந்த மேஸ்திரி ஒருவர், தம் கட்டிகள் மூன்றும் உடைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றும் தேறிவிட்டன என்று முனிரத்தினம் சொன்னபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தூளைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நல்லா நிக்கிறத ஒடச்சிப் பாத்துட்டுத்தான், நல்லா நிக்கும்னு எழுதிக் குடுப்பீங்களா சார்?"

மூன்று மணல்

மாசி மாதத்தில் முனிரத்தினம் கோடு போட்ட நோட்டில் எழுதிய ஒரு கட்டுரையை என் மேசைமேல் வைத்தார். அவருடைய குப்பத்தில் கூரை வீடுகளுக்குப் பதிலாக அரசாங்கம் கான்கிரீட் வீடுகள் கட்டித் தரப்போகிறது என்று அப்போது முடிவாகியிருந்தது. அவருடைய தமக்கை அஞ்சலைக்கும் அதில் ஒரு வீடு. மணல் தூரத்திலிருந்து வர வேண்டாம், ஏரிக்கரையிலேயே அள்ளிக்கொள்ளலாம் என்று திட்டம். அந்த மணலில் உப்பு. முனிரத்தினம் ஓராண்டுக்கு முன்பே ஆரணியாற்று மணல், ஏரி மணல், நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிய ஏரி மணல் என்று மூன்று வகையில் கட்டிகள் வார்த்து, நடுவே கம்பி வைத்து, குப்பத்து வெளியில் மழைக்கும் காற்றுக்கும் விட்டிருந்தார். இருபத்தெட்டாம் நாள் சோதனையில் மூன்றும் ஒரே மாதிரி தேறின. மழைக்காலம் முடிந்து உடைத்துப் பார்த்தபோது, அலசாத ஏரி மணலில் இருந்த கம்பி மட்டும் துருவேறிக் கிடந்தது.

திட்டத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளரை நானே போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் அல்லர். நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்து, நோட்டை முழுதும் படித்தார். வைகாசியில் கடைக்கால் தோண்டப்போவதாகவும், அதற்குள் ஆய்விதழில் கட்டுரை வந்துவிட்டால் அதைக் கோப்பில் சேர்த்து, ஆற்று மணலுக்கு மேலிடத்தில் அனுமதி வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். இந்த நோட்டையே சேர்க்கலாகாதா என்று கேட்டேன். நோட்டை மூடி இரு கையாலும் என்னிடம் நீட்டினார்: "கையால எழுதினா அது அவரோட அபிப்பிராயம் சார். அச்சுல வந்தா அது ஆதாரம்."

பெயர் மறைத்த உறை

ஆய்விதழ் நடத்திய அன்பர்கள் இனி வருவதை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம். எழுதியவர் பெயரை மறைத்து, அத்துறை அறிந்த வேறொருவரிடம் அனுப்பி, அச்சிடலாமா என்று கருத்துக் கேட்பது எங்கள் முறை. யாரிடம் எதை அனுப்புவது என்று எழுத்தரிடம் ஒரு பட்டியல் உண்டு. அவர் விதிப்படி பெயரைத் தாள் ஒட்டி மறைத்தார்; விதிப்படி பட்டியலைத் திறந்தார்; மணல் என்ற தலைப்பின்கீழ் இருந்த ஒரே பெயருக்கு அனுப்பினார். அந்தப் பெயர் முனிரத்தினம். அதைப் பட்டியலில் எழுதி வைத்தவன் நான்.

பத்து நாளில் மதிப்புரை வந்தது. கட்டுரையாளர் ஒரே ஒரு மழைக்காலத்தைக் கண்டு முடிவு கூறுகிறார், இன்னொரு மழைக்காலமும் கம்பிகளைப் பார்த்த பின்பே வெளியிடுவது முறை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும்தான் எழுத்தர் அதை யாருக்கு அனுப்பினார் என்பது எனக்குத் தெரிந்தது. அவரை அழைத்து, தம் கட்டுரை என்று தெரியவில்லையா என்று கேட்டேன். தெரிந்தது என்றார். தமக்கை வீடு என்ன ஆவது என்று கேட்டேன். அரசாங்க வேலை எந்தக் காலத்தில் சொன்ன மாதத்தில் தொடங்கியிருக்கிறது, அடுத்த தையில்தான் மண்வெட்டி வரும் என்றார்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுக் கட்டுரையை நாயுடுவிடம் அனுப்பியிருக்கலாம். தவறு எங்களுடையது, வேறொருவரிடம் கருத்துக் கேட்டிருந்தாலும் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் இப்படியும் ஒரு நேர்மையா என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. பரிந்துரை ஏற்கப்பட்டது என்று கோப்பில் எழுதிக் கையொப்பமிட்டேன். என் கையொப்பத்தைப் பார்த்துக்கொண்டே முனிரத்தினம் சொன்னார்: "எழுதினவனக் கேட்டிருந்தா போட்டுடுங்கன்னுதான் சார் சொல்லிருப்பேன். நீங்க பரிசோதிக்கிறவன இல்ல கேட்டீங்க."

முதற்பெயர்

அரசாங்க வேலை சொன்ன மாதத்தில் தொடங்கியதை என் ஆயுளில் அந்த ஒரு முறைதான் கண்டேன். வைகாசியில் கடைக்கால் தோண்டினார்கள். ஆவணியில் கூரைக்குக் கம்பி கட்டினார்கள். முனிரத்தினம் ஞாயிறுதோறும் போய், சொந்தக்காரர்களைக் கெஞ்சி, தமக்கை வீட்டுக்கு மட்டுமாவது மணலை அலசப் பார்த்தார். குடிக்கும் தண்ணீருக்கே படகில் குடம் ஏற்றிக்கொண்டு போகும் ஊரில் மணலை மூன்று முறை அலசுவது எப்படி? ஒரு வண்டி மணலுக்குமேல் முடியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து இரண்டாம் முறை கட்டிகளை உடைத்தார். முதல் ஆண்டு எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற நேரவில்லை. கட்டுரை அச்சுக்குப் போகும் வேளையில் எங்கள் துறைத் தலைவர் அதைக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் வைத்திருந்து, தம் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் சேர்த்து அனுப்பினார். அந்தக் காலத்தில் அது வழக்கம். யாரும் அதைக் களவு என்று சொல்லவில்லை. என் பெயரை மட்டும் அடித்துவிட்டேன். தலைவருடையதை அடிக்கும் துணிவு எனக்கு இல்லை. மெய்ப்பில் தம் பெயர் கீழே நிற்பதை முனிரத்தினம் பார்த்தார். "இருக்கட்டும் சார். எங்க ஊர்லயும் வலை இழுக்கறவன் ஒருத்தன், படகுக்குப் பேரு ஒருத்தன்துதான்."

இருபத்தைந்து தனிப்படிகள்

தை, மாசி முகூர்த்தங்களைக் கடந்து பங்குனியில் இதழ் வெளிவந்தது. கட்டுரையாளருக்கு அவர் கட்டுரையை மட்டும் தனியே தைத்த இருபத்தைந்து தனிப்படிகள் தருவது வழக்கம். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு உதவிப் பொறியாளரிடம் போனேன். வீடுகளில் தையிலேயே குடியேற்றம் ஆகிவிட்டது. அவர் படியை வாங்கிக் கோப்பில் துளையிட்டுக் கோத்தார். என்னைப் போலவே அவரும் களைத்திருந்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு சார். அடுத்த குப்பத்துக்கு உதவும்."

ஆடியில் முனிரத்தினத்தோடு ஏரிக்கரைக்குப் போனேன். அழைத்தது அவர் அல்லர். நானாகத்தான் வருகிறேன் என்றேன். அஞ்சலை கருவாட்டைப் புரட்டிவிட்டு எழுந்து வந்து எங்களை உள்ளே அழைத்தார். குடியேறி ஆறு மாதம்தான். சுவரில் இடுப்பளவு உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பொருபொருத்திருந்தது. ஒரு மூலையில் மட்டும், அலசிய மணல் போன இடத்தில், சுவர் உலர்ந்திருந்தது. பாயை அந்த மூலையில் விரித்திருந்தார்கள். கூரையில் துரு இன்னும் தெரியவில்லை. தெரிய ஆண்டுகள் ஆகும் என்று எங்கள் மூவரில் இருவருக்குத் தெரியும். முனிரத்தினம் தம் தமக்கையிடம் அதைச் சொல்லவில்லை. கையிலிருந்த தனிப்படியைக் கொடுத்து, இந்த வீட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, பெரிய இடத்திலெல்லாம் படிப்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. படங்களைப் புரட்டினார், துருப்பிடித்த கம்பியின் படத்தில் விரல் நின்றது. பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நாங்கள் சொல்லாததை அந்தப் படம் சொல்லிவிட்டது. தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வந்த விருந்தாளியாகிய என்னைத்தான் கேட்டார்; கோபமாகக்கூட அல்ல, தெரிந்துகொள்ளும் ஆவலாக: "ஏரி மண்ணு உப்புன்றது எங்க ஊரு கொழந்தைக்கும் தெரியும் சார். பொஸ்தகத்துக்கு எப்ப தெரிஞ்சிது?"

அவசரப்பட்டு ஒரு பொய்யையும் அச்சிட்டதில்லை, அவசரத்துக்கு ஒரு மெய்யையும் அச்சிட்டதில்லை என்பதே, நான் ஆசிரியனாக இருந்த இதழுக்கு இன்று நான் எழுதக்கூடிய மதிப்புரை.