உப்பால் கோடு போட்ட கோர்ட்

போன சனிக்கிழமை, உப்பளங்கள் சூழ்ந்த பாலாவியில், எங்கள் கிளப்பின் செம்மண் கோர்ட்டில் வேடிக்கைக்காக ஒரு எக்சிபிஷன் டெனிஸ் மெச். கொழும்பிலிருந்து இரண்டு பழைய வீரர்கள் வந்தார்கள். கால்களுக்கு நடுவால் பந்தடித்தார்கள், அம்பயரோடு பகிடி விட்டார்கள்... ஊரே சிரித்தது. நானும்தான்.

கோடுகள் வழமையை விடப் பளிச்சென்று இருந்தன. “இதென்ன, புதுப் பெயின்டா?” என்று கிளப் செயலாளரைக் கேட்டேன்.

“சுண்ணாம்புத் தூள் முடிஞ்சி போயிட்டு நானா. அதான் உப்பப் போட்டம். பாலாவியில உப்புக்குப் பஞ்சமா?”

கெட்டிக்காரத்தனம்தான் — அன்று மாலை மழை பெய்யும்வரை. உப்பு கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிட்டது. உப்பு ஊறிய மண் லேசில் காயுமா? மேலே காய்ந்த மாதிரி இருக்கும், மிதித்தால் வழுக்கும்.

என் மகள் ஸமீஹாவுக்கு வருகிற ஞாயிறு கொழும்பில் ஜூனியர் அணித் தேர்வு. வயதெல்லைப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பயிற்சிக்கு வேறு கோர்ட்டும் இல்லை. “கவனமாக் கால வெக்கிறன் வாப்பா” என்று செவ்வாய்க்கிழமை இறங்கினாள். பின்கோட்டில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பில் வெடிப்பு, காலை ஊன்றவே கூடாது என்றார் டொக்டர்.

யாரோடு சண்டை பிடிப்பது? செயலாளர் வீட்டுக்கு வந்து அழுதார். கெட்ட மனிதரும் இல்லை. ஆனால் ஸமீஹா, விடியுமுன் சுபஹு தொழுத கையோடு பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி எடுத்த பிள்ளை... எனக்கு நெஞ்சு பற்றி எரிகிறது.

நேற்று டீவியில் டெனிஸ் செய்தி. முன்னணி வீரர் ஒருவர் முறையிடுகிறார் — சீசன் நீளமாம், உடம்பு தாங்கவில்லையாம், ஓய்வு வேண்டுமாம். சரி, நியாயம். அடுத்த செய்தியிலேயே அதே மனிதர் ஒரு எக்சிபிஷன் மெச்சுக்கு விமானம் ஏறுகிறார்! புள்ளியும் இல்லை, தரவரிசையும் இல்லை, தோற்றாலும் கை நிறையக் காசு.

சும்மா ஆடுகிறவர்களுக்கு அத்தனை வெளிச்சம். நிஜமாக ஆடவேண்டிய பிள்ளைக்குக் காய்ந்த கோர்ட் ஒன்று இல்லை. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். இந்த டெனிஸ் உலகத்தில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது.

கட்டுப் போட்ட காலைக் கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு, என்னோடு செய்தி பார்த்த ஸமீஹா கேட்டாள்: “உடம்பு ஏலாதவங்கதான் எக்சிபிஷன் ஆடுறாங்க போல. என்னையும் கூப்பிடுவாங்களா வாப்பா?”

கால் ஆறினால் கூப்பிடுவார்கள், மகள்... பந்து பொறுக்க.